ஒப்பந்தம் எழுத யாரிடம் போவது: பத்திர எழுத்தரா, இணையப் படிவமா, வழக்கறிஞரா?

காரைக்குடி வட்டாரத்தில் பலகாரம், ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை என்று சிறுதொழில் நடத்துவோருக்கு, ஒப்பந்தம் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அருகில் இருக்கும் பத்திர எழுத்தர்தான். அவரை விட்டால் இணையப் படிவம்; அதையும் விட்டால் வழக்கறிஞர். கல்யாணத்துக்கே இசைபிடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதும் வழக்கம் உள்ள இந்த ஊர்களில், வியாபாரம் மட்டும் இன்னும் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் ஓடுவது வியப்புதான்.

இடம், கட்டடம் சார்ந்த ஒப்பந்தங்களுக்குப் பத்திர எழுத்தரே பொருத்தமானவர். பழைய வீடு ஒன்றின் முகப்பைக் கடைக்கு வாடகைக்கு எடுக்கும்போது, எத்தனை பங்காளிகளுக்கு அதில் உரிமை உண்டு, பாகப்பிரிவினை ஆகியிருக்கிறதா, ஒருவர் கையெழுத்து போதுமா என்பதை அவர்தான் முதலில் கேட்பார். ஆனால் பதிவைத் தவிர்க்க எழுதும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் என்ற பழைய வார்ப்பை அவரிடம் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. நகர்ப்பகுதி வாடகை ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இணையப் படிவம் மலிவு. அதற்கு மேல் அதைப் புகழ எனக்கு மனமில்லை. வேலையை விட்டுப் போகும் பலகார மாஸ்டர் மூன்று ஆண்டுகளுக்கு இதே தொழில் செய்யக் கூடாது என்று அதில் கம்பீரமாக அச்சாகியிருக்கும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி அந்தத் தடை செல்லாது. கூட்டு வணிகப் பத்திரத்தை ஆடிட்டரே எழுதித் தருவதும் உண்டு. அப்போது நிறுவனத்தைப் பதிவும் செய்துவிட வேண்டும். பதிவில்லாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்தத்தை வைத்துப் பிறர்மீது வழக்குப் போட முடியாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தை நம் ஒப்பந்தத்தை எழுத அல்ல, எதிர்த்தரப்பு அனுப்பும் ஒப்பந்தத்தைப் படிக்கவே முதலில் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. மும்பையில் இருக்கும் கட்டுமான நிறுவனம் ஒன்று ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டின்மேல் கையால் வண்ணக் கலவை ஊற்றிச் செய்யும் கல்லில் ஒவ்வொரு முறையும் நிறம் சற்று மாறும். "சரக்கு முழுவதும் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும்" என்ற ஒரே வரியைக் காட்டி மொத்தச் சரக்கையும் அவர்கள் திருப்பி அனுப்பலாம். அந்த வரியில் நிற வேறுபாட்டுக்கு இடம் விடச் சொல்வதும், லாரியில் உடையும் கல் யார் கணக்கு என்று எழுத வைப்பதும் நல்ல வழக்கறிஞரின் வேலை.

அடுத்து அவர் பார்க்க வேண்டியது பணம் வரும் நாள். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று இருந்தாலும், குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு வீதத்தில் கூட்டு வட்டி உண்டு. வழக்கு மும்பையில்தான் என்று எழுதியிருந்தாலும், வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவரின் ஊர் எந்த வசதியாக்க மன்றத்தின் (பணம் வராத குறு, சிறு நிறுவனங்களின் முறையீட்டைக் கேட்க இச்சட்டப்படி அமைந்த மன்றம்) எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே முறையிடலாம். கையெழுத்துக்கு முன்பே உத்யம் என்ற, இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவை முடித்திருப்பது நல்லது. இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் தயங்கும் வழக்கறிஞர், சொத்து வழக்கில் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும், இந்த வேலைக்கு ஏற்றவர் அல்லர்.

ஆகவே காரைக்குடி, தேவகோட்டை வழக்கறிஞரா, மதுரைக்காரரா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை. படித்துக் கருத்துச் சொல்ல எவ்வளவு, திருத்தி எழுத எவ்வளவு என்று கட்டணத்தை முன்கூட்டியே பிரித்துக் கேட்டு, எந்தெந்த வரி ஆபத்து என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதே முக்கியம். கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னி விற்கும் பெண்கள் கட்டணத்துக்கு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்கள் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்பதால், வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.