கைத்தடியா, வாக்கரா?

புளியரையில் எங்கள் ஆச்சிக்கு இடது முழங்கால் தேய்மானம். புனலூர் அத்தை வாக்கர் வாங்கி அனுப்பிவிட்டாள். மாமாவோ கைத்தடியே போதும் என்றார்.

பலத்தில் வாக்கர்தான் முந்துகிறது. உடல் எடையில் ஏறக்குறைய பாதி வரை தாங்கும், தடி கால்வாசிதான். ஆனால் எங்கள் வீட்டு நிலைப்படி? அங்கே வாக்கரைத் தூக்கி வைக்கும்போதுதான் தடுமாற்றமே. திண்ணைப் படிக்கு அது ஆகவே ஆகாது.

தடி சந்துபொந்தெல்லாம் நுழையும். பிடிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வலி இடது காலில் என்றால் தடி வலது கையில். கையைத் தொங்கவிட்டு நின்றால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். தாத்தா விட்டுப்போன தடி ஆச்சிக்கு நாலு விரல் அதிகம். அப்புறம், நுனி ரப்பர் தேய்ந்திருந்தால் சாரல் காலத்தில் வழுக்கும்.

1991இல் வெளியான ஒரு சோதனை கைகொடுத்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. ஆச்சிக்கு 19. சரி, கூடத்துக்குள் வாக்கர். படிக்குத் தடியும் ஒருவர் கையும். வாக்கரில் இப்போது மஞ்சள் பை தொங்குகிறது, உள்ளே வெற்றிலைப் பெட்டி.