மருதானை ஏஜென்சி ஒன்றில் இரண்டு நாட்கள்: பிள்ளையை அனுப்ப முன் படியுங்கள்

மருதானையில் மாடியில் இருக்கும் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு ஏஜென்சியைப் பற்றி எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன், மற்ற இடங்களிலும் இதே மாதிரி நடந்தால் உங்களுக்கு உடனே பிடிபடும்.

என் தங்கச்சி மகளுக்கு 22 வயது, ஊர் பொகவந்தலாவை. தோட்டத்துக்கே வந்த சப் ஏஜென்ட் ஒருத்தர், ஓமானின் மஸ்கட்டில் வீட்டு வேலை, சின்னக் குடும்பம், பாரமில்லாத வேலை என்று சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்காமல் தாயின் கையில் 75,000 ரூபாய் முற்பணமும் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பாஸ்போர்ட்டை வாங்கிப் போயிருக்கிறார். "நம்மகிட்ட காசு கேக்கல அக்கா, அவங்கதான் குடுத்தாங்க" என்று தங்கச்சி போனில் சந்தோஷமாகச் சொன்னாள். நான் குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, இப்போது கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். முற்பணம் என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தக் காசு யாருடைய தர்மமும் இல்லை. பிள்ளைக்காக அங்கே இருக்கிற எஜமான் ஏஜென்சிக்குக் கட்டும் தொகையில் ஒரு துண்டு அது. போன இடத்தில் அடி, பட்டினி, சம்பளம் இல்லை என்று அவள் திரும்பி வர நினைத்தால், "வாங்கிய காசைக் கட்டு" என்பார்கள். வீட்டில் அது கூரைத் தகரமாகவோ அடகு மீட்டதாகவோ மாறியிருக்கும். என்னோடு ஒரே கட்டடத்தில் இருந்த புத்தளத்துப் பிள்ளை ஒருத்தி இப்படித்தான் இரண்டு வருடம் அழுதுகொண்டே வேலை செய்தாள்.

சரி, ஏஜென்சிக்கு வருவோம். முதல் நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏசி போட்ட அறை, சுவரில் சட்டம் போட்ட லைசன்ஸ், வந்தவர்களுக்கு பிளேன்டீ. மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். அரபியில் இரண்டு தாள், சம்பளம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. விசா எங்கே என்றேன். மேசையில் இருந்தவர் போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு உடனே எடுத்துவிட்டார். எனக்கு அரபி சரளமாக வராது. ஆனால் ஒன்பது வருடம் மருந்துப் போத்தலும் மசாலாப் பைக்கற்றும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிப்பேன். 'ஸியாரா' என்று இருந்தது. பார்வையிட வருபவருக்குக் கொடுக்கும் விசிட் விசா அது.

"தம்பி, இது வேலை விசா இல்லையே?"

"போனதும் மாத்திக் குடுப்பாங்க அக்கா. எல்லாரும் இப்படித்தான் போறாங்க. பிள்ளையே விருப்பப்பட்டுத்தானே சைன் வெச்சிருக்கா."

எல்லாரும் இப்படிப் போனதால் என்ன நடந்தது என்று 2022இல் நாடே பார்த்தது. விசிட் விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் அங்கே விற்கப்பட்டதாக விசாரணை வந்து, நவம்பரில் நம் தூதரகத்தில் வேலை செய்த அதிகாரி ஒருவரே கைதானார். பெண்கள் மட்டுமில்லை. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று நம்பிப் போன பொடியன்கள் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். அவர்களும் விருப்பப்பட்டுத்தான் விமானம் ஏறினார்கள். இலங்கை 2015இல் ஏற்றுக்கொண்ட, ஆட்கடத்தலைத் தடுக்கும் ஐ.நா. நெறிமுறைப்படி, ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. 2006இல் திருத்திய நம் தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவும் ஏமாற்றி, அல்லது ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தி, கட்டாய வேலைக்கு ஆள் சேர்ப்பதை ஆட்கடத்தல் என்றுதான் சொல்கிறது. 2 வருடத்தில் இருந்து 20 வருடம் வரை சிறை.

அன்றைக்கே அங்கிருந்து பத்தரமுல்லைக்கு பஸ் ஏறினோம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு. நீண்ட வரிசை, மத்தியானம் தாண்டிவிட்டது. ஆனால் கவுண்டரில் இருந்த மிஸ் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: லைசன்ஸ் உண்மையானது, காலாவதியாகவும் இல்லை. ஆனால் பிள்ளையின் பெயரில் எந்த வேலைக்கும் அனுமதி எடுக்கப்படவில்லை. இதுதான் நம் ஆட்கள் சறுக்கும் இடம். சுவரில் லைசன்ஸ் தொங்கினால் போதும் என்று நினைக்கிறோம். அனுப்பும் வேலைக்கும் பணியகத்தின் அனுமதி இருக்க வேண்டும், போக முன் பிள்ளையைப் பதிவு செய்திருக்க வேண்டும். பத்தரமுல்லைக்கு வர முடியாத மலையகத்துப் பெற்றோர் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டுப் போனேன். மரியாதை எல்லாம் போய்விட்டது. முற்பணம் 75,000, மெடிக்கல் செலவு, 'கேன்சல் சார்ஜ்' என்று கல்குலேட்டரைத் தட்டி 1,40,000 காட்டினார். முற்பணத்தைக் கையோடு கொண்டு போயிருந்தேன். எண்ணி மேசையில் வைத்து, ரசீது கேட்டு, மிச்சத்துக்கு பில் காட்டினால் தருகிறேன், இல்லாவிட்டால் இங்கிருந்தே 1989க்கு எடுக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லாச்சியை இழுத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டுகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஊர்ப் பெயர் எழுதிய துண்டு. மூதூர், பதுளை, புத்தளம். எங்களுடையதை உருவி எடுத்தபோது மற்றவை சரிந்து விழுந்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்குக் கோபம் ஏஜென்சி மேல் மட்டும் இல்லை. சட்டத்தில் 20 வருடம் இருந்தாலும் இப்படிப்பட்ட பல முறைப்பாடுகள் சமரசப் பேச்சில் முடிகின்றன. காசைத் திருப்பிக் கொடுத்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள், அடுத்த வாரம் அதே சப் ஏஜென்ட் வேறு தோட்டத்தில் நிற்கிறார். அதனால் பாஸ்போர்ட் கிடைத்த பிறகும் பணியகத்தில் கொடுத்த முறைப்பாட்டை நான் வாபஸ் வாங்கவில்லை. ரசீது, சப் ஏஜென்டின் இலக்கம் எல்லாவற்றையும் கொடுத்து வாக்குமூலம் எழுதினேன். பிள்ளையும் தனியாக எழுதியிருக்கிறாள். லாச்சியில் பார்த்த மூன்று ஊர்ப் பெயர்களையும் அதில் சேர்க்கச் சொன்னேன். கூப்பிட்டால் இரண்டு பேரும் போவோம்.