பொகோட்டாவில் 'ஏழு தட்டில் கொலம்பியா' விருந்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்

பொகோட்டா வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். லா கண்டெலாரியா என்ற பழைய நகரப் பகுதியில், 'கொலம்பியப் பண்பாட்டைச் சுவைத்து அறியுங்கள்' என்று சொல்லி, வழிகாட்டியோடு கூடிய ராத்திரி விருந்துகளை இணையத்தில் விற்கிறார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் போனது படு மோசம். ஆளுக்கு 90 டாலர், மூன்று பேர். நம் காசுக்குத் தலைக்கு 7,500 ரூபாய்க்கு மேல். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இப்போது போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே விளம்பர வாசகத்தோடு வேறு சில கடைகளும் இருக்கின்றன.

நான் வேலை நிமித்தம் இந்த ஊரில் இருப்பவன். மதியச் சாப்பாடு தினமும் வெளியில்தான், அதனால் இங்கத்திய சாப்பாடு ஓரளவு நாக்குக்குப் பழகிவிட்டது. ஊரிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அக்கா சுத்த சைவம். அரைகுறையாக நான் விளக்குவதைவிட, விஷயம் தெரிந்த ஒருவர் தட்டு தட்டாக வைத்துக் கதை சொன்னால் அவர்களுக்கு நன்றாக இருக்குமே என்று பதிவு செய்தேன். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ஆண்டிஸ் மலை, கரீபியக் கரை, பசிபிக் கரை, கிழக்குச் சமவெளி, அமேசான் என்று ஐந்து பிரதேசங்கள், ஏழு தட்டு, நான்கு பானம், உணவு மானுடவியல் படித்த வழிகாட்டி, சைவர்களுக்குத் தனி ஏற்பாடு.

இந்த மாதிரி விருந்துக்கு இங்கே நல்ல முன்னோடி இருக்கிறது. லியோனோர் எஸ்பினோசா என்ற சமையல் கலைஞர் நாட்டின் காடு, மலை, கரை என்று ஒவ்வொரு நிலத்தின் பொருளையும் தேடிப்போய்த் தன் உணவகத்துக்குக் கொண்டுவந்தார். 2022இல் உலகின் சிறந்த பெண் சமையல் கலைஞர் என்ற விருதும் வாங்கினார். அவர் உண்டாக்கிய மதிப்பைத்தான் இந்த ஆட்கள் விற்றுக் காசாக்குகிறார்கள்.

மாடியில் ஒரு அறை, மெழுகுவர்த்தி, சுவரில் பழங்கால முகமூடிகள். அலங்காரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழிகாட்டி என்று வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். கைபேசியைப் பார்த்துப் படித்தான். இந்த நாட்டில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய அரசு அங்கீகரித்த தொழில் அட்டை வேண்டும். "அட்டையைக் காட்ட முடியுமா தம்பி?" என்றதற்கு, "நான் வழிகாட்டி இல்லை சார், விருந்தோம்பல் பொறுப்பாளர்" என்றான். முதல் தட்டு வருவதற்குள்ளேயே பதவி மாறிவிட்டது.

முதலில் அஹியாக்கோ. பொகோட்டாவின் அடையாளமே இந்தச் சூப்தான். மூன்று வகை உருளைக்கிழங்கு போடுவார்கள். பாப்பா கிரியோயா என்ற சின்ன மஞ்சள் கிழங்கு முழுக்கக் கரைந்து, சூப்புக்குக் கெட்டியும் மஞ்சள் நிறமும் தரும். சபனேரா துண்டு துண்டாக உருவத்தோடு நிற்கும். பஸ்தூசா இரண்டுக்கும் நடுவில், பாதி கரைந்து பாதி நிற்கும். கூடவே கோழிக்கறி, சோளக்கதிர் துண்டு, கடைசியில் குவாஸ்காஸ் என்ற மூலிகை. இந்த மூலிகை இல்லாமல் அஹியாக்கோ கிடையாது, கேட்டால் எந்த பொகோட்டாக்காரரும் சண்டைக்கே வருவார். (இதே செடி நம் நீலகிரி தோட்டங்களில் களையாக மண்டிக் கிடக்கிறது, பிடுங்கி எறிகிறோம்.) கேப்பர் மொட்டு, கிரீம், அவகாடோ, சோறு எல்லாம் பக்கத்தில் தனித்தனியாக வரும், அவரவர் ருசிக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வந்தது வெள்ளையாக, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய ஒன்று. ஒரே வகைக் கிழங்கு, அதுவும் சதுரம் சதுரமாக, ஓரம்கூட மழுங்காமல். குவாஸ்காஸ் எங்கே என்று கேட்டேன். பையன் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அது எங்கள் செஃப்பின் ரகசிய மசாலா" என்றான். சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் இலை எப்படி ரகசியமாகும்?

அடுத்தது கரீபியக் கரையின் அரேப்பா தெ வேவோ. சோளமாவு வட்டத்தை எண்ணெயில் ஒருமுறை பொரித்து, உப்பியதும் ஓரத்தைக் கீறி, உள்ளே பச்சை முட்டையை ஊற்றி, வாயை மாவால் அடைத்து, மறுபடி பொரிக்க வேண்டும். கை பழகாதவர்களுக்கு முட்டை வெளியே ஓடிவிடும், அதில்தான் வித்தையே. அட்லாந்திகோ மாகாணத்தில் லுருவாக்கோ என்ற ஊர் இதற்கே பேர்போனது. எங்கள் தட்டில் பாக்கெட் அரேப்பாவின் மேல் ஒரு ஆம்லெட்டை மடித்து வைத்திருந்தார்கள். நறுக்கிப் பார்த்தால் நடு அரேப்பா இன்னும் ஜில்லென்று இருந்தது.

இதெல்லாம் போகட்டும், ருசி விஷயம். அக்காவுக்கு நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. பதிவு செய்யும்போதே எழுதியிருந்தேன், வந்ததும் வாயாலும் சொன்னேன். கீரை எண்ணெயில் வதங்கியது, வாழைக்காய் பொரித்தது எல்லாம் வந்தன, சரி. அப்புறம் ஒரு கிண்ணத்தில் சிவப்பு பீன்ஸ் வந்தது, ஃப்ரிஹோலெஸ். 'மலைநாட்டு விவசாயியின் சைவ உணவு' என்று அறிமுகம் வேறு. அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை நிறுத்தினாள்.

"டேய், இது என்னடா வழவழன்னு?"

கரண்டியில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி கொழுப்பு, மறுபக்கம் தோல், தோலில் மயிர்க்கால் புள்ளிகள். பன்றி. ஆந்தியோக்கியா என்ற மலை மாகாணத்துப் பக்கத்து பீன்ஸைப் பெரும்பாலும் பன்றித்தோலோ கொழுப்போ போட்டுத்தான் வேகவைப்பார்கள். ருசிக்காக அவர்கள் ஊரில் செய்வது, அதில் தப்பே இல்லை. ஆனால் சைவம் என்று காசு வாங்கிக்கொண்டு, வேகவைத்த பிறகு பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறியிருக்கிறார்கள். பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "துண்டு ஒன்று தவறி விழுந்திருக்கும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமே" என்றான். அக்கா எழுந்து கழிவறைக்குப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. அத்தானுக்கு வந்த கோபத்துக்கு, மொழி தெரியாதது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

பானங்கள் நான்கும் கதைதான். சிச்சா என்பது மக்காச்சோளத்தை நொதிக்க வைத்துச் செய்வது, இந்தப் பீடபூமியில் வாழ்ந்த முயிஸ்கா மக்கள் காலத்திலிருந்து வருவது. 1948 ஏப்ரல் 9 அன்று ஹோர்ஹே எலியேசர் கைத்தான் என்ற தலைவர் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டு நகரமே பற்றி எரிந்தபோது, பழி சிச்சா மேலும் விழுந்தது. குடித்தால் மூளை மழுங்கும் என்று சுவரொட்டி ஒட்டி ஒடுக்கினார்கள், பீர் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். இவ்வளவு கதை இருக்கிற பானத்தைப் பற்றி அந்தப் பையன் சொன்னது, "இது பழங்குடிகளின் வைன்" என்ற ஒரே வரி. நல்ல சிச்சா கலங்கலாக, புளித்த கம்பங்கூழ் போல நாக்கில் படியும். இவர்கள் கொடுத்தது தெளிவான அன்னாசிச் சாறு.

விச்சே என்று ஒன்று வந்தது. பசிபிக் கரையின் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள், முக்கியமாகப் பெண்கள், கரும்புச் சாற்றிலிருந்து வடிக்கும் சாராயம். ரொம்ப நாள் சட்டவிரோதமாகக் கிடந்ததை 2021ஆம் ஆண்டின் 2158ஆம் எண் சட்டம் அவர்களுடைய மூதாதையர் பானம் என்று அங்கீகரித்தது. விச்சேயில் பச்சைக் கரும்பின் வாடை அடிக்கும். அத்தான் முகர்ந்துவிட்டு, "என்னடா மாப்ள, சோம்பு வாசனை வருது?" என்றார். சோம்பு வாசனை வந்தால் அது பெட்டிக்கடைவரை கிடைக்கும் அகுவார்தியென்தே என்ற சோம்புச் சாராயம். பசிபிக் பெண்களின் பெயரைச் சொல்லி, பாட்டில் சரக்கைச் சின்ன மூங்கில் குவளையில் ஊற்றித் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசியில் 'வீலா மாகாணத்துச் சிறப்புக் காப்பி'. மேலே கரையாத குருணை மிதந்தது, உடனடிக் காப்பித்தூள். காப்பிக்குப் பேர்போன நாட்டில்!

சாப்பாடு முடிந்ததும், பக்கத்து பாருக்கு வாருங்கள், ஒரு ரவுண்டு இலவசம், அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று பையன் வற்புறுத்தினான். போகவில்லை. ஸ்கோபலமைன் என்ற மயக்க மருந்தைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடிப்பது இங்கே நிஜமாகவே நடக்கிறது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் எதையும் குடிக்காதீர்கள், கிளாஸை மேஜையில் விட்டுவிட்டும் எழுந்து போகாதீர்கள்.

பிறகு பில். பாதிப் பணம் முன்னமே இணையத்தில் கட்டியாகிவிட்டது. மீதி 135 டாலர், டாலருக்கு 4,000 பெசோ என்று வைத்து 5,40,000 பெசோ. அதற்குமேல் 'கூடுதல் பானம்' 90,000 (நான்கு பானம் விலையில் சேர்ந்தது என்று விளம்பரத்தில் இருக்கிறது). 8 சதவீத நுகர்வு வரி தனியாக. 10 சதவீத டிப்ஸ், கேட்காமலே. மேஜைக்கு 60,000. மொத்தம் 8,03,400. போதாததற்கு அட்டை இயந்திரத்தில் தொகையை டாலருக்கு மாற்றி நீட்டினார்கள், அந்த மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு. பெசோவிலேயே போடு என்று ரத்து செய்ய வைத்தேன்.

இதில் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் 1480ஆம் எண் நுகர்வோர் சட்டப்படி, விளம்பரப்படுத்தும் விலை எல்லா வரியும் கட்டணமும் சேர்ந்ததாக, பெசோவில் இருக்க வேண்டும். இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததைக் கொடுத்தால் போதும். டிப்ஸ் முழுக்க நம் விருப்பம். 2018இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. பில் போடுவதற்கு முன் சேர்க்கலாமா என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். டிப்ஸை எடுக்க வைத்தேன். மேஜைக் கட்டணத்தை எடுக்க மாட்டேன் என்று முதலாளி அம்மா கீழே இறங்கி வந்து கத்தினார். அக்கா வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள், அவளை வைத்துக்கொண்டு அங்கே மல்லுக்கு நிற்க முடியவில்லை. பில்லையும் தட்டுகளையும் படம் எடுத்துக்கொண்டு, கட்டிவிட்டு வந்தோம்.

மறுநாளே எழுத்தில் புகார் அனுப்பினேன். முதலில் விற்றவருக்கு எழுத வேண்டும், அவர்களுக்கு 15 வேலைநாள் அவகாசம். அதற்குப் பிறகு தொழில் வணிகக் கண்காணிப்பு ஆணையத்துக்குப் போகலாம், இணையத்திலேயே மனு போட முடிகிறது. கடையிடமிருந்து வந்த பதில்: "எங்கள் சமையல் பாரம்பரியத்துக்கான நவீன விளக்கம், அடுத்த விருந்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி." பன்றித் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது மனு ஆணையத்தில் இருக்கிறது. இணையத்தில் கட்டிய பாதித் தொகைக்கு வங்கியிலும் ஆட்சேபம் போட்டிருக்கிறேன்.

நீங்கள் பதிவு செய்வதாக இருந்தால் தேசியச் சுற்றுலாப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இங்கே சுருக்கமாக 'ஆர்.என்.டி.' என்பார்கள். சுற்றுலா சேவை விற்கும் யாருக்கும் அது கட்டாயம், வணிகக் கழகங்களின் இணையதளத்தில் தேடினால் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண் தர இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். என்னென்ன தட்டு என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். 'ஆண்டிஸின் நினைவுகள்' என்று கவிதையாக எழுதியிருந்தால் என்ன வேண்டுமானாலும் வரும். மொத்தத் தொகையைப் பெசோவில், வரியோடு சேர்த்துக் கேளுங்கள்.

சைவர்களுக்குத் தனியாக: 'இறைச்சி வேண்டாம்' என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழி, மீன், பன்றிக்கொழுப்பு, எலும்புச் சாறு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பீன்ஸ், சூப் இரண்டையும் எதில் வேகவைத்தது என்று சமையற்காரரிடமே கேளுங்கள்.

உண்மையில் இந்த ஊர்ச் சாப்பாட்டை அறிய 90 டாலர் தேவையே இல்லை. லா பெர்செவெரன்சியா சந்தைக்கு மதியம் போங்கள். பவாரியா பீர் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த பேட்டை அது. அங்கே அடுப்படிப் பெண்கள் கண்முன்னே குவாஸ்காஸைக் கிள்ளிப் போட்டு அஹியாக்கோ தருவார்கள், 30,000 பெசோவை ஒட்டித்தான் ஆகும். கேள்வி கேட்டால் கரண்டியும் கையுமாகக் கதையும் சொல்வார்கள். பழத்துக்குக் காலையிலேயே பலோகெமாவோ சந்தை: லூலோ, குருபா, மரத்தக்காளி எல்லாம் நறுக்கிக் கொடுப்பார்கள். அக்கா அங்கேதான் வயிறாரச் சாப்பிட்டாள். சிச்சாவுக்கு சோர்ரோ தெ கெவெதோ என்ற சின்னச் சதுக்கம். போதை ஏறுவது தெரியாமல் ஏறும், அரைக் குவளையோடு நிறுத்துங்கள்.

இதே மாதிரி மாடி விருந்தில் மாட்டியவர்கள் இருந்தால், பில்லின் படத்தோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே கடையாக இருந்தால் என் மனு எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதையும் குறிப்பிடலாம்.