பரதமா, சினிமா நடனமா?

திருகோணமலையில் பிள்ளையை நடன வகுப்பில் சேர்க்கப் போனால் இந்தக் கேள்விதான் முதலில் வரும். சினிமாப் பாட்டு வகுப்பில் கூச்சம் சீக்கிரம் போகும், நன்றாக வியர்க்கும், சில கிழமைகளிலேயே ஒரு பாட்டு முழுதாக ஆடலாம். அவ்வளவுதான்.

பரதம் மெதுவாகத்தான் வரும். முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி இருக்கும் அரைமண்டியில் இருந்து 'தை யா தை' என்று தட்டடவு (காலைத் தட்டிப் பழகும் முதல் பயிற்சி) போட்டால் தொடை நோகும். பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் முதுகு நிமிரும், தாளம் காலில் ஏறும். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் உண்டு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் பாடமாக எடுக்கலாம். (அரங்கேற்றச் செலவை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம், அது கட்டாயமில்லை.)

ஏழெட்டு வயதென்றால் நான் பரதத்துக்கே விடுவேன். வாணி விழா மேடையைக் கண்டாலே ஒளியும் பிள்ளைக்கு, சரி, முதலில் சினிமாப் பாட்டே இருக்கட்டும்.