லொறியில் வரும் மெத்தை: ஓரத்தை அமுக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள்

தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். ஒலிபெருக்கி கட்டிய பட்டா லொறியில் மெத்தை கொண்டுவந்து வீட்டுப் படலையிலேயே விற்கிறார்கள். நான் ஒன்று வாங்கி ஏமாந்தேன். 24,000 ரூபா. எங்கள் வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை. ஆனால் காசைவிட, என் அம்மா மூன்று கிழமை இரவுகளில் பட்ட பாட்டைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆயுள் முழுக்கப் பாயில் படுத்தவர். 2009இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே வெறும் நிலத்தில் படுத்தவர். மீள்குடியேறி வந்த பிறகும் அதே பாய்தான். போன வருடம் நாரிப்பிடிப்பு வந்து, நிலத்திலிருந்து எழும்பவே ஒரு ஆள் பிடிக்க வேண்டும் என்ற நிலை. கிளினிக்கில் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். கட்டில் இருந்தது, மெத்தை இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் லொறி வந்தது.

"அக்கா, கொம்பனியில இருந்து நேர வருது. கடைக்குப் போனா கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் உங்கட தலையிலதான்" என்றார் வந்தவர். பூப்போட்ட புதுத்துணி, மேலே கண்ணாடிப் பொலித்தீன் உறை, ஆறு அங்குல உயரம், 72க்கு 48 அளவு. மெத்தையை நிமிர்த்தி வைத்து ஓரத்தை முழங்கையால் அமுக்கிக் காட்டினார். அமுங்கி உடனே எழும்பியது. நாலு மூலையையும் என்னையே அமுக்கிப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன், நல்ல இறுக்கம். உறையைக் கழற்ற வேண்டாம், தூசி பிடிக்கும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பத்து வருட உத்தரவாதம் என்று ஒரு அட்டை தந்தார். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. அது என் பிழை.

இரண்டாம் கிழமையே நடுவில் குழி விழுந்துவிட்டது. மழை தொடங்கியதும் ஒரு மணம் வேறு, குளத்துச் சேறு காய்ந்த மாதிரி. ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினால், அம்மா விறாந்தைக் கதிரையில் இருக்கிறார். ஏனம்மா என்று கேட்டேன். "நீ காசு குடுத்து வாங்கினது பிள்ளை, எப்பிடிச் சொல்லுறது" என்றார். எத்தனை இரவு அப்படி இருந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

விடிந்ததும் பிளேட்டால் தையலைப் பிரித்தேன். புதுத்துணிக்குக் கீழே இன்னொரு பழைய கோடு போட்ட துணி. அதில் தண்ணீர் ஊறி நின்ற மண்ணிறக் கறை. அதையும் கிழித்தால், சுற்றிவர நாலு அங்குல அகலத்துக்கு மட்டும் நல்ல ஸ்பொஞ் பட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். நடுவில் தையல் கடைக் கழிவுத் துணியும், நீலமும் மஞ்சளுமாகக் கிள்ளிப் போட்ட பழைய ஸ்பொஞ் துண்டுகளும். ஓரத்தை மட்டும் ஏன் அமுக்கிக் காட்டினார் என்பது அப்போதுதான் விளங்கியது. அட்டையில் இருந்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பொஞ் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து அழுத்திச் செய்கிற மெத்தை என்று ஒரு வகை இருக்கிறது. அது இறுக்கமாக, பாரமாக இருக்கும். அப்படிச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் பிழை இல்லை. எனக்கு விற்றது அது இல்லை, குப்பை.

ஆகவே மெத்தையின் நடுவைப் பாருங்கள். பொலித்தீனைக் கழற்றச் சொல்லுங்கள். நடுவில் முழங்காலை ஊன்றி எழும்புங்கள், குழி அப்படியே நின்றால் விட்டுவிடுங்கள். சிப் இருந்தால் திறந்து பாருங்கள். திறக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். யாருக்காக வாங்குகிறோமோ அவரைப் படுக்க வைத்துப் பாருங்கள், பத்து நிமிடமாவது. பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் இறங்கி, முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். நாரி வலிக்குப் பலகை மாதிரி இறுக்கம்தான் நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். 2003இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், நாள்பட்ட நாரி வலி உள்ள 313 பேரில், நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே கடும் இறுக்கத்தில் படுத்தவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்திருக்கிறது.

வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் சாமான் விற்கும்போது பழைய மெத்தையும் மலிவாக வரும். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரோச் லைட் அடித்து ஓரத் தையலைப் பாருங்கள். பேனையால் குத்திய மாதிரிக் கறுப்புப் புள்ளிகளோ, உரித்துப் போட்ட மெல்லிய தோலோ இருந்தால் மூட்டைப்பூச்சி. இரத்தம் குடிக்காமலே அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆளில்லாத வீட்டில் கிடந்தது, பூச்சி இருக்காது என்பதை நம்பாதீர்கள்.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அது இருக்கிறது. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களின் 1977 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். என்னிடம் சீட்டும் இல்லை, லொறி இலக்கமும் இல்லை. இருந்தும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரித்த மெத்தையை எரிக்கவில்லை, யாரும் வந்து கேட்டால் காட்டுவதற்காகக் கொட்டிலில் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கிளிநொச்சியில் ஒரு கடையில் தும்பு மெத்தை வாங்கினோம், கட்டுக்காசுக்கு. கடைக்கே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். வெட்கப்பட்டார், பிறகு படுத்தார். அந்த லொறி நீல நிறம், பின்கதவில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. உங்கள் பக்கம் வந்தால் முதலில் இலக்கத்தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.