நிறுத்தி மாற்றுவதா, ஓட்டத்தில் மாற்றுவதா: பழைய உழவு மெசினின் கியரைக் காக்கும் வழிகள்

வன்னியில் காலபோகம் என்னும் மாரிப் பயிர்ச்செய்கையின் முதல் மழை விழுந்து மண் பதமானதும், இரணைமடுப் பக்கத்தாருக்கும் முத்தையன்கட்டுப் பக்கத்தாருக்கும் ஒரே கிழமையில் உழவு மெசின் வேண்டும். ஏக்கர் கணக்கில் கூலிக்கு உழும் சாரதிக்கு அப்போது நின்று நிதானிக்க நேரம் இராது. பழைய மெசின்களின் கியர்ப் பற்கள் உடைவதும் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். உடைந்த பல்லை வெளியில் நின்று திருத்த முடியாது. மெசினை நடுவால் இரண்டாகப் பிரிக்கவேண்டும், கராச்சில் இடம் கிடைக்கவேண்டும், சாமான் வரவேண்டும். அதற்குள் விதைப்பு பிந்திவிடும். ஆகவே கியர் மாற்றும் விதம், பூட்டும் கலப்பை, ஊற்றும் ஒயில் என்று ஒவ்வொன்றிலும் நம்மவர்கள் பிடிக்கும் வெவ்வேறு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பேச்சு பெரும்பாலும் மெசி பெர்குசன் 135 பற்றியது. 1964 இல் வெளிவந்த அந்த மொடல் இன்றைக்கும் நம் வயல்களில் உழுகிறது. அதன் சாதாரண கியர் பொக்ஸில் முன்னுக்கு 6, பின்னுக்கு 2. உண்மையில் உள்ளே இருப்பவை மூன்று முன் கியர்களும் ஒரு றிவேர்சும்தான். ஹை-லோ லீவர் அவற்றை இரட்டிப்பாக்குகிறது.

லீவரைப் பிடிக்கும் கை

இன்றைய வாகனங்களில், கியர் விழுமுன் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்த உள்ளே ஒரு வளையம் உண்டு. 135 இல் அது இல்லை. பல்லுச்சில்லு தண்டின்மேல் வழுக்கிப்போய் மற்றப் பல்லுச்சில்லோடு நேரே கோர்க்கிறது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் முனையோடு முனை அடிபடும். கர்ரென்று கேட்பது அந்த அடிதான். ஒவ்வொரு முறையும் முனையில் கொஞ்சம் இரும்பு போகிறது. முனை மழுங்கிய பற்கள் முழு அகலத்துக்கும் கோர்க்காமல், சுமை ஏறியதும் கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அந்த நிலையில் லீவரைப் பழைய ரியூப் துண்டால் இழுத்துக் கட்டிக்கொண்டு உழுபவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாதி அகலம் மட்டும் கோர்த்த பல்லு முழுச் சுமையையும் தாங்கவேண்டி வரும், அப்புறம் அடியோடு முறியும்.

முதல் வழி, முழுவதும் நிறுத்தி மாற்றுவது. கிளச்சை மிதித்து, மெசின் நின்று, உள்ளே சுற்றும் தண்டும் அடங்க மூன்று நாலு விநாடி பொறுத்து லீவரை நகர்த்தினால் சத்தமே வராது. இதில் பலர் விடும் இடம் அந்தப் பொறுத்தல்தான். சில்லு நின்றுவிட்டது என்று உடனே லீவரை இழுப்பார்கள், ஆனால் உள்ளே தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். போதிய நேரம் பொறுத்த பிறகும் கர்ரென்றால் குறை கையில் இல்லை, மிதித்தும் கிளச் என்ஜினை முழுதாகப் பிரிக்கவில்லை. மிதி சும்மா அசையும் அளவைச் சரிசெய்யுங்கள். கிளச் செற்றிங் ஒரு மணித்தியால வேலை, கியர் பொக்ஸோ நாள்கணக்கில் இழுக்கும்.

இரண்டாவது வழி, ஓட்டத்திலேயே கிளச்சை இரண்டு தரம் மிதித்து மாற்றுவது. மேல் கியருக்குப் போக, மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை ஒருதரம் விட்டு, என்ஜின் வேகம் இறங்கியதும் மறுபடி மிதித்துப் போடவேண்டும். கீழ் கியருக்கு வர, நியூட்ரலில் கிளச்சை விட்டபடி கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுக்கவேண்டும். நியூட்ரலில் கிளச் விட்டிருக்கும்போது உள்ளே இருக்கும் தண்டு என்ஜினோடு சேர்ந்து சுற்றும், அதனால் அதன் வேகத்தை நாமே கூட்டிக் குறைத்துச் சமப்படுத்தலாம். பழகிய கைக்கு இது அழகாக வரும். ஏ9 வீதியில் வெறும் இழுவைப் பெட்டியோடு போகும்போது நல்ல முறை.

வயலில் இதற்கு வேலை இல்லை. கலப்பை மண்ணுக்குள் இருக்கும்போது கிளச்சை மிதித்தவுடனேயே மெசின் நின்றுவிடும். சமப்படுத்த வேகமே மிஞ்சாது. நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டில் ஏறும்போது இதை முயல்வது ஆபத்தும்கூட. கியர் விழாவிட்டால் நீங்கள் நியூட்ரலில், பெட்டி உங்களைப் பின்னால் இழுக்கும். அந்தப் பதற்றத்தில் லீவரைப் பலமாக அடித்துப் போடும்போதுதான் பல்லு முறிகிறது.

என்னுடைய தீர்ப்பு மூன்றாவது வழிக்குத்தான்: வேலைக்கேற்ற கியரை முன்கூட்டியே நின்று போட்டுவிட்டு, அந்த வேலை முடியும்வரை லீவரைத் தொடாமல் இருப்பது. வரம்பில் இருந்து வரம்புவரை ஒரே கியர். ஏற்றத்துக்கு முன்பே கீழ் கியர், இறக்கத்துக்கும் அதே கியர். ஏக்கருக்கு இதனால் போகும் நேரம் மிகக் கொஞ்சம். ஹை-லோ லீவரில் விவாதத்துக்கே இடமில்லை, மெசின் முழுதாக நின்ற பிறகுதான்.

மல்ரிபவர் என்ற மேலதிக வேக மாற்றி பூட்டிய 135 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு. அதில் கிளச் மிதிக்காமலே ஓட்டத்தில் வேகம் மாற்றலாம், ஒயில் அழுத்தத்தில் இயங்குவதால் பல்லுக்கு அடியில்லை. ஆனால் மல்ரிபவர் லோவில் என்ஜின் மெசினைப் பிடித்து வைக்காது. இறக்கத்தில் பெட்டி தள்ளத் தொடங்கினால் பிறேக் மட்டும்தான் துணை. இறக்கம் வருமுன் அதை ஹையில் போட்டு, மற்ற லீவர்களால் கீழ் கியரைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள்.

இழுத்து ஸ்ராட் செய்வது

பெற்றரி செத்த மெசினை இன்னொன்றால் இழுத்து ஸ்ராட் செய்வது நம்மிடம் சாதாரணம். லோ முதலாம் கியரில் இழுத்தால் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் பல பத்துச் சுற்றுச் சுற்றவேண்டும். கிளச்சை விட்ட கணத்தில் அந்த இடி முழுவதும் பற்களில் இறங்கும். ஹையில் மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டால் அதே வேலை நோகாமல் நடக்கும். கராச்சுக்கு வரும் முறிவுகள் சிலவற்றின் தொடக்கம் இப்படி ஒரு காலைநேர இழுவை. ஒரு போகத்தில் பலதரம் இழுக்கவேண்டி வந்தால், கியர் பொக்ஸை விட பெற்றரி மலிவு.

கொத்துக்கலப்பையும் றொட்டவேற்றரும்

நம் செம்மண் காய்ந்தால் கல்லு, நனைந்தால் ஒட்டும். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களி காய்ந்து வெடித்திருக்கும்போது இன்னும் மோசம். காய்ந்த மண்ணில் கொத்துக்கலப்பை இழுத்தால் சுமை சில்லுவழியாக வரும். சுமை மிஞ்சினால் ரயர் வழுக்கும், அந்த வழுக்கல்தான் பல்லுக்குப் பாதுகாப்பு. ஆனால் ரயருக்குள் தண்ணீரும் நிரப்பி, மேலே பாரமும் ஏற்றி, லோ முதலாம் கியரில் இழுத்தால் ரயர் வழுக்காது, என்ஜினும் நிற்காது. அப்போது விட்டுக்கொடுக்க மிஞ்சுவது உள்ளே இருக்கும் பல்லும் அச்சும்தான்.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் றொட்டவேற்றரில் அடி பி.ரி.ஓ. வழியாக, அதாவது என்ஜின் சக்தியைப் பின்னால் பூட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு வழியாக, வருகிறது. புதிதாகத் துப்புரவாக்கிய காணியில் பாலை வேரோ பனைவேரோ கத்தியில் சிக்கினால் அது ஒரே குத்தாக வரும். அதற்குத்தான் முதலில் உடையும் பாதுகாப்பு போல்ட். அது அடிக்கடி உடைகிறது என்று பலமான போல்ட் பூட்டுவது எனக்குக் கோபம் தரும் வேலை. போல்ட் உடையாவிட்டால் வேறொன்று உடையும். ஆகவே வேருள்ள, காய்ந்த காணிக்கு முதல் உழவு கொத்துக்கலப்பையால். தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது றொட்டவேற்றர். சேற்றில் அது கியருக்கு இதமானதும்கூட.

சேற்றில் புதைந்தால் மட்டும் இரண்டும் ஒன்றுதான். முன்னும் பின்னுமாக வேகமாக மாற்றி மாற்றி ஆட்டி எடுக்கப் பார்க்காதீர்கள், றிவேர்ஸ் கியர் அதில்தான் போகிறது. சில்லில் மரக்கட்டை கட்டி ஏறுவது அதைவிட மோசம், முன்பக்கம் கிளம்பி மெசின் சாரதியின் மேலேயே கவிழும். கலப்பையைக் கழற்றிவிட்டு இன்னொரு மெசினால் இழுப்பியுங்கள்.

எந்த ஒயில்

135 இல் கியருக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில், ஏறத்தாழ 30 லீற்றர். ஹைட்ரோலிக் பம்பும் அந்த ஒயிலுக்குள்ளேதான் கிடக்கிறது. அதனால் 140 போன்ற தடித்த கியர் ஒயிலை ஊற்றினால் சத்தம் குறையும், கலப்பை தூக்குவது மந்தமாகும். சத்தம் குறைந்தது தேய்வு குறைந்ததாகாது. விற்பவர் இப்படிச் சத்தத்தை அமுக்கியிருக்கலாம் என்பதால், பழைய மெசின் வாங்கும்போது ஒயிலைத் தொட்டுப் பாருங்கள். உழவு இயந்திரத்துக்கென்றே வரும், கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் சேர்த்துச் செய்த ஒயில் விலை கூட. ஆனாலும் அதைத்தான் சொல்வேன். மல்ரிபவர் உள்ளதற்கு வேறு தெரிவே கிடையாது. சாதாரண கியர் பொக்ஸுக்கு 90 ஒயில்தான் வாங்குவீர்கள் என்றால் ஜிஎல்-4 என்ற தரக்குறி உள்ளதை வாங்குங்கள். ஜிஎல்-5 இல் சேர்க்கும் கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளை, வெண்கலப் பாகங்களைத் தின்னக்கூடும்.

ஒயிலின் பெயரை விடத் தண்ணீர் பெரிய பகை. இரும்புச்சில்லுப் பூட்டிச் சேறடித்த போகத்துக்குப் பிறகு, லீவரின் கிழிந்த றப்பர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஒயில் பால்தேநீர் நிறமானால் முழுவதும் மாற்றவேண்டும். அதற்கு முன்னரே கண்டுபிடிக்க வழி உண்டு. இரவு முழுவதும் மெசின் நின்ற பிறகு, காலையில் அடி நட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்குவதால் அதுதான் முதலில் வரும். ஒயில் வந்ததும் இறுக்கிவிடலாம். ஒயில் மாற்றும் அன்று அடியில் தங்கியதை விரலால் தடவிப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் பசை சாதாரண தேய்வு. நகத்தில் தட்டுப்படும் துண்டு கிடைத்தால் அன்றே மெசினை நிறுத்துங்கள், அந்தத் துண்டு பம்புக்குள்ளும் போகும்.

பல்லு போன பிறகு

வெல்டிங் வைத்துப் பல்லை நிரப்புவது மலிவு, உடனேயும் நடக்கும். ஆனால் அந்தச் சூட்டில் பல்லின் மேல்தோலுக்குக் கொடுத்த உரம் போய்விடும். அடுத்த கனத்த உழவில் அது உதிரும், உதிர்ந்த துண்டு நல்ல கியர்களையும் சேர்த்துக் கெடுக்கும். பிரித்துப்போட்ட மெசினில் இருந்து கழற்றிய அசல் கியர் அதைவிட எவ்வளவோ மேல். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய சோடியாக எடுத்தால் மட்டும். புதிது என்றால், சென்னை டாஃபே நிறுவனம் 1960 களில் இருந்து மெசி பெர்குசன் மெசின்களைச் செய்து வந்ததால் இந்தியச் சாமான் பல பொருந்தும். ஆனால் வாங்குமுன் பழைய கியரைக் கையோடு கொண்டுபோய்ப் பல்லை எண்ணி, தண்டின் வரிகளையும் எண்ணிப் பாருங்கள். 6 கியர் பொக்ஸுக்கும் 8 கியர் பொக்ஸுக்கும் சாமான் வேறு.