கூலரும் நல்லதுதான், ஆனால் என் ஓட்டு மீட்டருக்கு

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் டிரக்கில் லோடு ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவன் நான். கியர்பாக்ஸ் ஆயிலுக்கான கூடுதல் கூலரும் டெம்பரேச்சர் மீட்டரும் சேர்ந்து வரும் கிட் ஒன்று வாங்கினேன். வித்தியாசம் தெரியட்டும் என்று முதலில் மீட்டரை மட்டும் மாட்டி ஓட்டினேன், கூலரைப் பிறகுதான் மாட்டினேன்.

கூலர் தகடுகளை அடுக்கிய வகை. கனமாக, உறுதியாக இருக்கிறது. லோடோடு ஏறும்போது 115 டிகிரியைத் தொட்ட முள் இப்போது பெரும்பாலும் 95-க்குப் பக்கத்தில் நிற்கிறது. 80 முதல் 95 வரை ஆயிலுக்குச் சுகமான சூடு. 120-ஐத் தாண்டினால் ஆயில் சீக்கிரம் கருத்து, கருகல் வாடை அடிக்க ஆரம்பிக்கும்.

ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஊர்ந்தால் கூலர் மாட்டியும் முள் ஏறத்தான் செய்கிறது. காற்று போதாது என்பது பாதிக் காரணம். மீதி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர். அது லாக் ஆகி இரண்டையும் நேரடியாக இணைக்காதவரை இன்ஜின் சக்தி ஆயில் வழியாகத்தான் போகிறது, உள்ளே வழுக்கும் வழுக்கல் எல்லாம் சூடாகிறது. அந்த நேரத்தில் நானே ஒரு கியர் இறக்கி, இன்ஜினைக் கொஞ்சம் சத்தமாக ஓடவிடுவேன். ஆர்பிஎம் ஏறும், சட்டென்று ஒரு இருநூறு இறங்கும். அதுதான் லாக் விழுந்த அடையாளம். கொஞ்ச தூரத்தில் முள் ஏறுவது நின்றுவிடும். ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து வைத்தால் எவ்வளவு சூடேறும் என்பதையும் இந்த மீட்டர் காட்டிக்கொடுக்கிறது. உச்சியில் நிறுத்தினால் உடனே இன்ஜினை அணைப்பதில்லை. நியூட்ரலில் ஐடிலுக்குச் சற்று மேலே வைத்தால் பம்ப் ஆயிலைச் சுற்றவிட்டு ஆற்றும்.

குறைகளும் உண்டு. கூடவே வரும் விளக்கத்தாள் சுத்த மோசம். சென்சாரை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. கன்வெர்ட்டரிலிருந்து வரும் லைனில் வைத்தால் எண் எகிறிக் குதித்து வீணாகப் பயமுறுத்தும். நான் கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டில் (ஆயில் பேன்) வைத்தேன். ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே செருகிக் கட்ட பிளாஸ்டிக் கம்பிகள் தருகிறார்கள். அதைத் தூக்கிப் போடுங்கள், அதிர்வில் உரசி ரேடியேட்டரையே ஓட்டையாக்கும். இரண்டு இரும்புப் பட்டை அடித்துப் போல்ட் போட்டேன். ஹோஸ் பரவாயில்லை, கிளாம்ப் மட்டும் மாற்றினேன்.

ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலர் வழியாகப் போய், அப்புறம் இதற்கு வரவேண்டும். கடுங்குளிர் இடத்தில் ஓட்டுகிறவர்கள் ஆயில் சூடாகும்வரை அதைக் கூலருக்குப் போகவிடாத தெர்மோஸ்டாட் வால்வு உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், இதில் அது இல்லை. மேனுவல் வண்டிக்காரர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். அங்கே ஏற்றத்தில் காய்வது கிளட்ச், அதற்கு இந்தக் கூலர் ஒன்றும் செய்யாது.